ஐந்தாவது விரல்

செருப்பை உள்ளயே கழட்டிப் போடு தாயி. வெளிய விட்டா அந்தக் கருப்பு நாய் தூக்கிட்டுப் போயிரும். அந்தச் சேர்ல உக்காரு. துணி கெடந்தா தள்ளிவிட்டுட்டு உக்காரு. மெதுவா, மெதுவா. எத்தனை மாசம்? நாலு முடிஞ்சிருச்சா? என்ன முழிக்கிற, சேலைய இழுத்துவிட்டா எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருசமா பிரசவ வார்டுல ஆயாவாக் கெடக்கேன். ஒருத்தி படியேறி வர்ற நடையப் பாத்தே சொல்லிருவேன், இவளுக்கு இன்னைக்கா நாளைக்கான்னு. பேறுகாலத்துக்கு நம்ம ஆஸ்பத்திரிக்கே வந்துரு. நான் பாத்துக்கிறேன். ஒச்சம்மா கை வச்சா பிள்ளை வந்துதான் ஆகணும்.

கைன்னு சொல்லிட்டேன், இந்தா, கையப் பாரு. மாவுக்கட்டு. கட்டைவிரல் எலும்பு ரெண்டாப் போச்சுன்னு படம் புடிச்சுக் காட்டுனாக. சோறு பிசைய முடியல, தலை பின்ன முடியல. அந்தக் கொழம்புச் சட்டிய மட்டும் எறக்கி வச்சிரு தாயி, ஒத்தக் கையில தூக்குனா கவுந்துரும். ஆங், அப்படித்தான்.

நீ ஆராய்ச்சி பண்றவ, ஃபாரத்தை நிரப்பணும், கேள்வி கேக்கணும். சரி. எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். அதுக்கு முன்னால நீ எனக்கு ஒண்ணு எழுதித் தரணும். போலீஸ் ஸ்டேசன்ல வாக்குமூலம் கேட்டிருக்காக. சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும். எட்டாப்பு வரைக்கும் படிச்சவதான் நான், எழுதத் தெரியும். ஆனா கட்டைவிரல் இல்லாம பேனாவப் புடிச்சுப் பாரு, தெரியும்.

பெருசா ஒண்ணும் இல்ல. அங்காளின்னு ஒருத்தி, செங்கச் சூளையில கல்லு அறுக்குறவ, என் விரலை ஒடிச்சிட்டா. அவளை மதுரை ஜெயில்ல போட்டு இன்னையோட ஒம்பது நாளு. ஆஸ்பத்திரி ஆளு மேல கை வச்சா ஜாமீன் கெடையாதுன்னு வாசல்லயே செவப்பு எழுத்துல போர்டு மாட்டிருக்கு. நான் எழுதிக் குடுக்குறதை வச்சுத்தான் கேசு நிக்கும்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. அவ தங்கச்சி இருளாயி நேத்து வந்தா, பச்சை ஒடம்போட, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு. அக்கா பிள்ளைக ரெண்டும் அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டு நிக்குதுக. அக்காவ விட்ருங்கம்மான்னு அழுகுறா. போடின்னு கதவைச் சாத்திட்டேன். ஒடிஞ்சது யாரு விரலு?

அந்தச் செவப்புப் போர்டுக்குப் பக்கத்துலயே இன்னொரு போர்டும் இருக்கு. பச்சை எழுத்து. அது நிலோபர் டாக்டரம்மா மாட்டுனது. அதுல என்ன எழுதிருக்குன்னு நான் படிக்கல. எனக்கு எங்க நேரம்?

அந்த டாக்டரம்மா வந்து ரெண்டு வருசம் ஆகுது. ஒல்லியா, சத்தமே வராத பொண்ணு. வந்த மொத வாரமே நர்சுக, ஆயாக்க, தரை கூட்டுறவுக எல்லாரையும் உக்கார வச்சு வகுப்பு எடுத்தாக. உலகம் பூராம் ஆயிரக்கணக்கான பிரசவத்தைக் கணக்கெடுத்துப் பாத்துட்டாங்க, வயித்தை அமுக்குனா பிள்ளை சீக்கிரம் வருதுன்னு ஒரு ஆதாரமும் இல்லன்னாக. பிள்ளை வர்ற வழிய எல்லாருக்கும் கத்தி வச்சு வெட்ட வேண்டாம், தேவைன்னாத்தான் வெட்டணும்னாக. மல்லாக்கப் படுக்கப் போட்டு காலைக் கட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம்னாக. நான் எந்திரிச்சுக் கேட்டேன், ஆதாரமா, இந்தா நான் நிக்கேன்ல, இந்தக் கை எத்தனை பிள்ளைய வெளிய தள்ளிருக்குன்னு ஊருக்குள்ள போய்க் கேளுங்கன்னு. எல்லாரும் சிரிச்சாக. டாக்டரம்மாவும் சிரிச்சாக.

உள்ளதச் சொல்றேன், நாங்க அடிப்போம். அடிக்காம எப்படி? வலி வந்தவ வாயத் தொறந்து கத்துனா மூச்சு மேல போயிரும். தொடையில ரெண்டு போட்டா வாய் மூடும், முக்குவா. ஒருத்தி தொடையில என் அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சு நின்னுச்சு. அவ புருசன் கேட்டான், படுக்கையில விரிச்ச ரப்பரு சீட்டு ஒத்துக்காம தடிச்சிருச்சுன்னு சொல்லிட்டோம். இன்னொருத்தி எட்டி ஒதைச்சா, அவ காலை ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டோம், நான் வாயில ஒண்ணு வச்சேன், ஒதடு கிழிஞ்சிருச்சு. மறுநாள் அவளே கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனா. புருசன்கூடப் படுக்கையில இனிச்சுச்சோ, இப்ப மட்டும் கசக்குதோன்னு கேப்போம். கெட்ட எண்ணத்துல இல்ல தாயி. வார்டுல வழிவழியாக் கேக்குறதுதான். என்னையும் கேட்டாக.

வகுப்பு நாலு நாளு நடந்துச்சு. மூணாம் நாளு டாக்டரம்மா கர்ப்பப்பை படத்தை விரிச்சு வச்சு, அமுக்குனா இது கிழியலாம்னாக. கிழிஞ்சா எப்படித் தெரியும்னும் சொன்னாக. உசிர் போற மாதிரி ஒரு வலி வருமாம். அதுக்கப்புறம் பட்டுனு வலி நின்னுருமாம். அந்தப் பொண்ணுக்கு அப்பாடான்னு இருக்குமாம். அப்பத்தான் நாம பயப்படணும்னு சொன்னாக. எனக்கு வேலை இருந்துச்சு, எந்திரிச்சு வந்துட்டேன். பெட்பேன் கழுவணும்ல. காலையிலயே கழுவித்தான் வச்சிருந்தேன். இருந்தாலும் இன்னொருக்காக் கழுவுனேன்.

அமுக்குறதுக்குன்னு என்கிட்ட ஒரு ஸ்டூலு உண்டு. மர ஸ்டூலு. எனக்கு முன்னால இருந்த அன்னக்கொடி ஆயா அது மேல ஏறி நின்னுதான் அமுக்குவா. அவ ரிட்டயர்டு ஆகி வீட்டுக்குப் போற அன்னைக்கு என் கையில குடுத்துட்டுப் போனா. அதை டாக்டரம்மா தூக்கிட்டுப் போயி அவுக ரூம்புல வச்சு, மேல தண்ணிக் கேனை வச்சிட்டாக. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஸ்டூலு போனா என்ன, வாளி இல்லையா? கவுத்துப் போட்டா ஒரு அடி ஒசரம். அது போதும்.

டாக்டரம்மா ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள போயிட்டா கிரேஸ்மேரி சிஸ்டர் என்னைப் பாத்து கண்ணைக் காட்டுவாக. நான் வாளியக் கவுத்துவேன். புதுசா ஒரு நோட்டு போட்டிருந்தாக, ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வரி. அடிச்சதா, வெட்டுனதா, அமுக்குனதான்னு கட்டம் கட்டமா இருக்கும். சிஸ்டர் எல்லாத்துலயும் இல்லை இல்லைன்னு போட்டுட்டு, கடைசிக் கட்டத்துல, வேறு உதவின்னு இருக்கும்ல, அதுல ஆதரவுன்னு எழுதிருவாக. நான் அமுக்குனா ஆதரவு. அந்தக் கையெழுத்து அழகா இருக்கும், முத்து முத்தா.

ஒரு வருசம் கழிச்சு மேலயிருந்து வந்து நோட்டைப் புரட்டிப் பாத்தாக. அமுக்குனது பூச்சியம். அடிச்சது பூச்சியம். மாவட்டத்துலயே மொத ஆஸ்பத்திரின்னு ஒரு கேடயம் குடுத்தாக. நீகூட அதைப் பாத்துட்டுத்தானே வந்திருக்க? டாக்டரம்மா அன்னைக்கு அழுதுட்டாக. சந்தோசத்துல. நீங்கதான் செஞ்சீங்க, நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் ஜாங்கிரி குடுத்தாக. நான் சுகர் இருக்குன்னு சொல்லி வாங்கல. எனக்குச் சுகர் கெடையாது.

அதோட விட்டாகளா? பிரசவ ரூம்புக்குள்ள ஒவ்வொருத்திகூடயும் ஒரு பொம்பளை இருக்கலாம்னு கொண்டாந்தாக. ஆத்தாவோ, அக்காவோ, மாமியாளோ. செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை அவுகளுக்கும் ஒரு பாடம். எழுதப் படிக்கத் தெரியாததுகளும் வரும்ல, அதுனால விரலை வச்சுச் சொல்லிக் குடுத்தாக. சுண்டுவிரலு, தண்ணி கேட்டா குடுக்கணும். மோதிர விரலு, எந்திரிச்சு நடக்க விடணும். நடுவிரலு, ஒக்காந்தோ குத்தவச்சோ அவளுக்குத் தோதுப்பட்ட மாதிரி பெத்துக்கலாம். ஆள்காட்டி விரலு, அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. கட்டைவிரலு, வயித்தை அமுக்கக் கூடாது. கட்டைவிரலை மறந்துராதீங்க, மறந்துராதீங்கன்னு அந்த அம்மா சொல்லும்.

இந்த அங்காளி மொத வரிசையில ஒக்காந்திருந்தா. கையி ரெண்டும் காய்ப்புக் காய்ச்சு, பாறையாட்டம். வகுப்பு முடிஞ்சு கேட்டைத் தாண்டையிலயும் விரலை மடக்கி மடக்கி மொணங்கிக்கிட்டே போறா. என்னத்தா, வட்டிக் கணக்குப் பாக்குறியான்னு கேலி பண்ணேன். அவ சிரிக்கல. என் கையவே பாத்துட்டுப் போனா.

போன வாரம் புதன்கெழமை. காலையில பதினோரு மணி இருக்கும். டாக்டரம்மா தியேட்டருக்குள்ள ஒரு சிசேரியன்ல இருந்தாக. இங்க இருளாயி, மொதப் பிரசவம். தலை தெரியுது, உள்ள போகுது. தெரியுது, உள்ள போகுது. வெளிய இன்னும் மூணு பேரு கத்திக்கிட்டுக் கெடக்காளுக, இருக்குறது ஒரே மேசைதான். அதையும் நீ எழுதிக்க. உங்க கணக்குல அந்த மூணு பேரு வருவாளுகளா? கிரேஸ்மேரி சிஸ்டர் கண்ணைக் காட்டுனாக.

அங்காளி தங்கச்சி தலைமாட்டுல நின்னு தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தா. வெளிய போடின்னேன். டாக்டரம்மா இருக்கச் சொல்லிருக்காங்கன்னா. சரி, நின்னு தொலை. இருளாயி வாயத் தொறந்து ஊளையிட்டா. நான் தொடையில ஒண்ணு போட்டேன்.

“ஆள்காட்டி விரலு”ன்னா அங்காளி.

எனக்குப் புரியல. இன்னொண்ணு போட்டேன், சத்தமா விழுந்துச்சு.

“ஆள்காட்டி விரலு. ரெண்டு தடவை சொல்லிட்டேன்.”

கிறுக்கு முண்டைன்னு திட்டிட்டு வாளியக் கவுத்து ஏறிட்டேன். ரெண்டு கையையும் அடிவயித்துக்கு மேல வச்சு, ஒடம்பு வெயிட்டப் பூராம் எறக்குனேன். என் வெயிட்டு எழுவத்தி எட்டு கிலோ. இருளாயி கத்துன கத்துல சன்னல்ல இருந்த காக்கா பறந்துருச்சு. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். அங்காளி கட்டைவிரலு, கட்டைவிரலுன்னு கத்துறா. நான் இன்னொரு தடவை எறக்குனேன். மூணாவது தடவைக்குக் கையத் தூக்குனேன் பாரு, லபக்குன்னு என் கட்டைவிரலைப் புடிச்சு, பின்னாக்க வளைச்சு, முருங்கைக் கொம்பை ஒடிக்கிற மாதிரி ஒடிச்சுப்புட்டா.

வாளி உருண்டுருச்சு. ரத்தமும் தண்ணியுமாக் கெடந்த தரையில மல்லாக்க விழுந்தேன். விழுந்த வாக்குல அங்காளி வயித்துல ஒரு ஒதை விட்டேன். அவ என் மூஞ்சியில குத்துனா, பல்லு ஒண்ணு ஆடுது இன்னும், பாரு. சிஸ்டர் அவ கொண்டையப் புடிச்சு இழுக்க, அவ சிஸ்டர் கையக் கடிக்க, கத்தரிக்கோல் தட்டு கவுந்து விழ, ஒரே ரகளை. மூணு பொம்பளையும் உருண்டோம். அந்த நேரத்துல இருளாயி மேசைய விட்டு எறங்கிட்டா. யாரும் சொல்லல. மேசைக் காலைப் புடிச்சுக்கிட்டு, முட்டி போட்டு, தலையக் குனிஞ்சு ஒரு முக்கு முக்குனா. பிள்ளை வந்துருச்சு. அங்காளி என்னைய விட்டுட்டு உருண்டு போயி முந்தானையில ஏந்துனா.

பொட்டப்பிள்ளை. மூணு கிலோ. வெட்டு இல்ல, கிழிசல் இல்ல. வந்ததும் ஊரைக் கூட்டுச்சு. ரெண்டு தடவை அமுக்குனேன்ல, அதுலதான் வந்துச்சு. அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாக.

டாக்டரம்மா தியேட்டர் துணியோடயே ஓடி வந்தாக. தரையில நான் கையப் புடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டுக் கெடக்கேன். அவுக என் விரலைப் பாக்கல தாயி. வாளியப் பாத்தாக. அது உருண்டு கெடந்தாலும் அடிப்பக்கம் என் செருப்புத் தடம் பதிஞ்சு பதிஞ்சு தேஞ்சிருக்கும்ல, அதைப் பாத்தாக. அப்புறம் நோட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கமாத் திருப்பி, ஆதரவு, ஆதரவு, ஆதரவுன்னு வாய்விட்டுப் படிச்சாக. பெறகுதான் என் விரலுக்குக் கட்டுப் போட்டாக. நல்லாத்தான் போட்டாக, கொறை சொல்ல முடியாது.

நாலு நாளைக்கு முன்னால இங்க வந்தாக. நீ ஒக்காந்திருக்க பாரு, இதே சேரு. திட்டுவாகன்னு பாத்தேன். திட்டல. “வாக்குமூலத்துல உங்க இஷ்டப்படி எழுதுங்க ஒச்சம்மா. அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சுட்டு இருந்தீங்கன்னு மட்டும் சேத்து எழுதிருங்க”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அவுக போனதும் கிரேஸ்மேரி சிஸ்டர் போன் பண்ணி, “ஆதரவுன்னு எழுதிரு ஒச்சு, நோட்டுல அதான் இருக்கு, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்”னாக. ரிட்டயர்டு ஆக ரெண்டு வருசம்தான் கெடக்கு எனக்கு. அதுனால ஆதரவுன்னே எழுது.

இரு, இரு. ஒன் ஃபாரத்தை முடிச்சிரலாம். கேளு. வயசு அம்பத்தெட்டு. சர்வீசு இருபத்தாறு வருசம். பயிற்சி எடுத்தீங்களா, எடுத்தேன். புரிஞ்சுச்சா, புரிஞ்சுச்சு. செய்றதுக்கு என்ன தடை? தடையெல்லாம் ஒண்ணும் இல்லன்னு போட்டுக்க. அப்புறம்?

என்ன கேட்ட?

உங்கள் பிரசவத்தின்போது உடன் இருந்தவர் யார். இதெல்லாமா எழுதிருக்கு அதுல? வெட்டி வேலை. எனக்கு மூத்தவன் வீட்டுல பொறந்தான், திருப்பூர்ல இருக்கான். ரெண்டாவது இதே ஆஸ்பத்திரிதான். யாரும் இல்ல. ஆத்தா கேட்டுக்கு வெளிய ஒக்காந்து முனியாண்டிசாமியக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. உள்ள நான், ரெண்டு நர்சு, அன்னக்கொடி ஆயா. அம்புட்டுத்தான். எழுதிக்க.

பிள்ளை பெருசு, வரல. வலி வர்றதுக்கு மருந்தை ஏத்தி விட்டாக. அன்னக்கொடி ஸ்டூல்ல ஏறுனா. இனிச்சுச்சோன்னு கேட்டா. அமுக்குனா. கத்துனேன், வாயிலயே ஒண்ணு விட்டா. திரும்ப அமுக்குனா. எத்தனை தடவைன்னு தெரியல. கடேசியா ஒண்ணு, துணியக் கிழிக்கிற மாதிரி உள்ளுக்குள்ள ஒரு வலி. அப்புறம் பட்டுனு நின்னுருச்சு தாயி. வலியே இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. வலிய நிப்பாட்டிட்டாளே மகராசின்னு அன்னக்கொடியப் பாத்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

மதுரைக்குத் தூக்கிட்டுப் போயி கர்ப்பப்பைய எடுத்தாக. பிள்ளை வயித்துக்குள்ளயே போயிருச்சு. பொட்டப்பிள்ளை. தலை நெறைய முடின்னு ஆத்தா சொன்னா. எனக்குக் காட்டல. விதின்னு சொன்னாக, நானும் விதின்னுதான் இருந்தேன். அன்னக்கொடி ரொட்டி வாங்கிட்டு வந்து பாத்தா. அவதான் சொல்லி இந்த வேலைய வாங்கிக் குடுத்தா. பக்கத்துல நிப்பாட்டி, எங்க கை வைக்கணும், எப்படி எறக்கணும்னு சொல்லிக் குடுத்தா. அவளுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கா. அவ நல்லவ தாயி.

அன்னைக்கு வகுப்புல டாக்டரம்மா சொல்லையில பெட்பேன் கழுவப் போனேன்னு சொன்னேன்ல. மத்தியானம் வரைக்கும் கழுவுனேன். கையி வெளுத்து ஊறிப்போச்சு. கழுவி முடிச்சிட்டு வந்து, அன்னைக்குச் சாயங்காலமே ஒருத்திய அமுக்குனேன். நான் அமுக்காம இருந்தா, அப்ப அன்னக்கொடி எனக்குச் செஞ்சது என்ன? சொல்லு. நீ படிச்சவதானே, சொல்லு. எத்தனை பேருக்கு வலி பட்டுனு நின்னுச்சு? எத்தனை பேரு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாளுக? நான் எண்ண மாட்டேன். என்னால முடியாது.

என் ஆத்தா செங்கச் சூளைக்காரியவிட பலசாலி. ஒத்தையாளா நெல்லு மூட்டையத் தூக்குவா. அவளைக் கேட்டுக்கு வெளிய ஒக்கார வச்சிட்டாக. உள்ள இருந்திருந்தா ஒடிச்சிருப்பா. அன்னக்கொடி விரலை அஞ்சையும் ஒடிச்சிருப்பா.

எடு பேனாவ.

எழுது. ஒச்சம்மாள் ஆகிய நான். என் கட்டைவிரலை ஒடிச்சது அங்காளிதான். அதை எழுதாம விட்றாத, வலிச்சது எனக்கு. மூஞ்சியில குத்துனதையும் எழுது. அவளை நான் ஒண்ணும் மன்னிக்கல. அதுக்கு மேல எழுது. அந்த நேரத்துல நான் வாளி மேல ஏறி நின்னு, அவ தங்கச்சி இருளாயி வயித்தை ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு இருந்தேன். ரெண்டு தடவை அமுக்குனேன், மூணாவது தடவைக்குக் கையத் தூக்குனேன், அப்பத்தான் ஒடிச்சா. ஆதரவுன்னு போட்டியா? அடி. அதை அடிச்சிட்டு அமுக்கினேன்னு போடு. நோட்டுல ஆதரவுன்னு இருக்குறது எல்லாமே அதுதான், அதையும் போடு. வேலை போனாப் போகட்டும். மகன் இருக்கான், ஒரு வாய் கஞ்சி ஊத்த மாட்டானா?

குடு. எடது கையில கீச்சுறேன். கோணலா இருந்தா இருக்கட்டும்.

போற வழியில ஸ்டேசன்ல குடுத்துரு தாயி. இப்பவே போ, நான் மனசு மாறுறதுக்குள்ள. செருப்பை மாட்டிக்க. படியப் பாத்து எறங்கு. பேறுகாலத்துக்கு நம்ம ஆஸ்பத்திரிக்கே வா. டாக்டரம்மா கைராசிக்காரி. நான் அங்க இருக்கேனோ இல்லையோ, நீ ஒத்தையா உள்ள போயிராத. அம்மாவோ அக்காவோ, யாரையாவது கூட்டிட்டுப் போ. ஒக்காந்து சாமியக் கும்பிடுறவ வேண்டாம். கட்டைவிரலு எதுக்குன்னு தெரிஞ்சவளாப் பாத்துக் கூட்டிட்டுப் போ.